காதலர்களைப் பிரித்து வைப்பது எது? – வாசகர் கேள்வி பதில்

கிழக்காசிய நாடுகளின் காதல் தொடர்களையும் படங்களையும் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மருமகள் பார்க்கும் கொரியத் தொடர்களைச் சில மாதங்களாக நானும் உடனிருந்து பார்க்கிறேன். பணக்கார வாரிசு, ஏழைப் பெண், குறுக்கே நிற்கும் தாய் என்று எல்லாவற்றிலும் ஒரே கதைதான் வருகிறது. இதில் விமரிசனம் செய்ய என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் சொல்வது உண்மைதான் அம்மா, கதை பெரும்பாலும் ஒன்றே. ஆனால் அதே கதையை வேறு வேறு நாட்டவர் எடுக்கும்போது எது மாறுகிறது என்று கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இத்தொடர்களைப் பற்றி எழுத வேண்டும் என்ற விருப்பமே வந்தது.

யோகோ கமியோ என்ற ஜப்பானியப் பெண் படைப்பாளி 1992இல் தொடங்கிய 'ஹனா யோரி தாங்கோ' என்ற சித்திரக்கதையை எடுத்துக்கொள்வோம். 'பூவைவிடக் கொழுக்கட்டை மேல்' என்பது ஜப்பானியப் பழமொழி. கொழுக்கட்டையைக் குறிக்கும் சொல்லை 'ஆண்பிள்ளைகள்' என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதித் தலைப்பிலேயே ஒரு விளையாட்டை வைத்தார் அவர். அந்தக் கதை தைவானில் 2001இல் 'மீட்டியோர் கார்டன்' ஆயிற்று. பிறகு ஜப்பானில் 2005இலும், தென் கொரியாவில் 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' என்ற பெயரில் 2009இலும், சீனாவில் 2018இலும், தாய்லாந்தில் 2021இலும் தொடராக வந்தது. ஜப்பானிய நாயகியின் பெயரும் தைவான் நாயகியின் பெயரும் வயல் ஓரங்களில் தானாக முளைக்கும் ஒரே களைச்செடியைக் குறிப்பவை. கொரிய நாயகியின் பெயரான 'ஜான்டி' என்பதற்குப் பொருள் புல். மிதித்தாலும் மீண்டும் நிமிரும் ஒன்றின் பெயரை அவளுக்கு வைக்க வேண்டும் என்பதில் மூன்று நாட்டாரும் ஒத்துப்போயிருக்கிறார்கள்.

மாறியது வேறு. மூலக் கதையில், தங்கள் மகள் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளோடு பழக வேண்டும் என்ற ஆசையில் பெற்றோரே சக்திக்கு மீறிச் செலவு செய்து நாயகியை அவர்கள் படிக்கும் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். கொரியத் தொடரில் அவள் சலவைக்கடைக்காரரின் மகள். துவைத்த உடையைக் கொடுக்கப் பள்ளிக்குப் போன இடத்தில், சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் மாடியிலிருந்து குதிக்க நின்ற ஒரு மாணவனைக் காப்பாற்றுகிறாள். செய்தி பரவி மக்களின் கோபம் பள்ளியை நடத்தும் பெருநிறுவனத்தின் மீது திரும்பவே, பெயரைக் காத்துக்கொள்ள அந்நிறுவனம் அவளுக்கு உதவித்தொகை கொடுத்து உள்ளே சேர்த்துக்கொள்கிறது. ஒரு நாட்டில் பெற்றோரின் ஆசை அவளை வாசலுக்குள் தள்ளுகிறது. மற்றொரு நாட்டில் ஒரு நிறுவனத்தின் அச்சம் அவளை உள்ளே இழுக்கிறது. 'ஜேபோல்' என்று கொரியர்கள் அழைக்கும் குடும்ப நிறுவனங்கள் அந்நாட்டு வாழ்வில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கின்றன என்பதை ஒரு கட்டுரையைவிடத் தெளிவாக இந்த ஒரு மாற்றமே காட்டிவிடுகிறது.

குறுக்கே நிற்கும் தாயையும் நாம் எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்விக ஊரும் உடைய இருவர், எத்தனை தலைமுறை தள்ளியவர்களாக இருந்தாலும், மணந்துகொள்ளக் கூடாது என்ற சட்டம் கொரியாவில் இருந்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்று கூறியது 1997இல்தான். கோத்திரம் பார்த்துச் சம்பந்தம் பேசும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆணையே குடும்பத் தலைவனாகக் கொண்டு எல்லோரையும் அவன் பெயரின்கீழ்ப் பதிவு செய்யும் முறை 2008இல்தான் முடிவுக்கு வந்தது. ஆகவே, 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த தொடர்களில் ஒரு தாய் 'என் வீட்டுப் பதிவேட்டில் உனக்கு இடமில்லை' என்ற தோரணையில் பேசினால், அது வெறும் மிகைநடிப்பு அன்று.

எந்தக் காதல் கதையையும் பார்க்கும்போது முதலில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இந்த இருவரையும் பிரித்து வைப்பது எது, அதைக் கதை உண்மையாக நடத்துகிறதா? பிரிக்கும் தடை நாயகனின் பிடிவாதமாகவோ, நின்று கேட்டால் தீர்ந்துபோகும் தவறான புரிதலாகவோ மட்டும் இருந்தால் தொடரின் நடுப்பகுதி கட்டாயம் தொய்யும்.

கேள்வி: தமிழில் டப்பிங் செய்யப்பட்ட கொரியத் தொடர்களைப் பார்க்கிறேன். நாயகி காதலனை 'அண்ணா' என்று அழைக்கும்போது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. மூலத்திலும் அப்படித்தானா?
– கல்லூரி மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: மூலத்தில் அவர்கள் சொல்லும் சொல் 'ஓப்பா'. ஒரு பெண் தன் சொந்த அண்ணனையும், தன்னைவிட மூத்த, நெருங்கிப் பழகும் ஆணையும், காதலனையும், சில வீடுகளில் கணவனையும் அதே சொல்லால் அழைக்கிறாள். அதைத் தமிழில் 'அண்ணா' என்று பெயர்த்தவர் அகராதியைப் பார்த்தார். நம் உறவுமுறையைப் பார்க்கவில்லை.

உறவுச்சொல்லே காதற்சொல்லாக மாறுவது நமக்கு அந்நியமன்று. அத்தான், மாமா, மச்சான் என்ற சொற்களை எத்தனை பெண்கள் எத்தனை விதமான குரலில் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! ஆனால் நம் உறவுமுறை உலகத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அத்தை மகனும் மாமன் மகனும் ஒரு பக்கம். சித்தி மகனும் பெரியப்பா மகனும் மறுபக்கம். முதல் பக்கத்துச் சொற்களில் கல்யாணத்தின் வாசனை உண்டு. மறுபக்கத்துச் சொல்லான 'அண்ணா'வை ஓர் அயலானிடம் சொன்னால், 'உன்னை நான் அப்படி நினைக்கவில்லை' என்று கதவைச் சாத்துவதாகவே பொருள்படும். கொரியாவிலோ, எட்டாம் நிலை வரையிலான, அதாவது தூரத்து ஒன்றுவிட்ட உறவு வரையிலான, இரத்த உறவினர் மணந்துகொள்ளவே சட்டம் இடம் தருவதில்லை. உறவினர் வேறு, மணக்கத் தக்கவர் வேறு என்று அங்கே முழுமையாகப் பிரிந்திருப்பதால், உறவுச்சொல்லை வெளியாளிடம் சொல்லும்போது அது வயதையும் நெருக்கத்தையும் மட்டும் சுமக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

எனவே 'ஓப்பா'வை அப்படியே விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. நம் பார்வையாளர்கள் அதை ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டார்கள். 'நூனா'வும் அப்படியே: அது ஓர் ஆண் தன்னைவிட மூத்த பெண்ணை அழைப்பது. ஆங்கிலத்தில் 'சம்திங் இன் த ரெயின்' என்று பெயரிடப்பட்ட 2018ஆம் ஆண்டுத் தொடரின் கொரியத் தலைப்பு 'நன்றாகச் சோறு வாங்கித் தரும் அழகான நூனா' என்பதாகும். நாயகன் நாயகியின் உயிர்த்தோழிக்குத் தம்பி. சிறு வயதிலிருந்தே அவளை நூனா என்று அழைத்து வளர்ந்தவன். காதல் வந்த பின்னும் சொல் மாறுவதில்லை, அதன் பொருள் மட்டும் அவன் வாயிலேயே மெல்ல மாறுகிறது. ஆங்கிலத் தலைப்பு மழையை வைத்துக்கொண்டு நூனாவைத் தொலைத்துவிட்டது. அதையே 'அக்கா' என்று தமிழாக்கினால் தொடரே கெட்டுவிடும்.

டப்பிங்கை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் இடத்தில் ஆங்கில சப்டைட்டிலால் முடியாததைத் தமிழ் முடித்துக் காட்டும். கொரிய மொழியில் மரியாதைப் பேச்சு, நெருங்கியவரிடம் பேசும் பேச்சு என்று இரண்டு உண்டு, வினைமுற்றே மாறும். பத்து மணி நேரம் 'வாருங்கள், சாப்பிட்டீர்களா' என்று பேசிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் முதன்முறையாக 'வா, சாப்பிட்டியா' என்று கேட்கும் கணம், முத்தக் காட்சியைவிடப் பெரியது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நீ, நீங்கள் என்ற இரண்டும் நம் நாக்கிலேயே இருக்கின்றன. அவற்றைக் கவனமாகக் கையாளும் ஒரு டப்பிங் வசனகர்த்தா கிடைத்தால், அந்தத் தொடர் ஆங்கில வழியில் பார்ப்பவரைவிட நமக்கு மூலத்துக்கு அருகில் வந்துவிடும். முதல் 'நீ' எந்த எபிசோடில் வருகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: எனக்கு நேரம் மிகக் குறைவு. எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஜப்பானியத் தொடரிலிருந்து தொடங்குங்கள். கொரியத் தொடர் வழக்கமாக 16 எபிசோடுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் அல்லது அதற்கும் மேல். ஜப்பானியத் தொடர் வாரம் ஒன்றாகப் பத்துப் பதினொரு எபிசோடுகளில் முடிந்துவிடும். 1991இல் வந்த 'டோக்கியோ லவ் ஸ்டோரி' 11 எபிசோடுகள்தான். காதலை முதலில் சொல்லும் பெண், சொல்லத் தயங்கும் ஆண் என்று அன்றைக்கு அது செய்த மாற்றம் இன்றும் பழையதாகவில்லை.

கேள்வி: நான் பார்த்த தொடர்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். கதையை எவ்வளவு சொல்லலாம்? எப்போது எழுதலாம்? தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதியாக வருவதைக் குறையாகச் சொல்லலாமா?
– வங்கி ஊழியர், திருநெல்வேலி

பதில்: முதல் இரண்டு எபிசோடுகளில் நடப்பதைத் தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு மேல், நடந்ததைச் சொல்லாமல் நடத்திய விதத்தைச் சொல்லுங்கள்.

எப்போது எழுதலாம் என்பதற்கு அத்தொடர் எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். கொரியாவில் நெடுங்காலம், முதல் சில எபிசோடுகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஒளிபரப்பைத் தொடங்கிவிடுவார்கள். மீதியை வாரந்தோறும் எழுதுவதும் எடுப்பதும் வெட்டி ஒட்டுவதுமாக ஓடுவார்கள். பார்வையாளர்களின் விருப்பத்துக்கேற்பக் கதை திரும்புவதும், பத்தாம் எபிசோடுக்குப் பின் பழைய காட்சிகளை நினைவுகளாகத் திரும்பத் திரும்பக் காட்டுவதும், நடிகர்களின் முகத்தில் தூக்கமின்மை தெரிவதும் இதன் விளைவுகள். 2016இல் வந்த 'டிசெண்டன்ட்ஸ் ஆஃப் த சன்' முழுவதும் முன்கூட்டியே எடுத்து முடிக்கப்பட்டது. சீனாவிலும் அதே நேரத்தில் வெளியிட வேண்டுமானால் அங்குள்ள தணிக்கைக்கு முழுத் தொடரையும் முதலிலேயே காட்ட வேண்டியிருந்தது என்பதே அதற்குக் காரணம். 2018 முதல் வாரத்துக்கு 52 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்ததும் பழைய முறை தளர்ந்தது. ஆகையால், பழைய தொடர் ஒன்றின் பிற்பகுதி தொய்ந்திருந்தால் அதை எழுதியவரின் திறமைக் குறைவு என்று உடனே தீர்ப்பளித்துவிடாதீர்கள். முன்கூட்டியே எடுக்கப்பட்ட தொடர் தொய்ந்தால் அந்தச் சலுகையைத் தராதீர்கள். நான்கு எபிசோடுகள் பார்த்து எழுதுவது விமரிசனம் ஆகாது. அது அறிமுகம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அதில் தவறில்லை.

தற்செயலைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் ஒன்றைக் கதைக்குக் கடனாகக் கொடுத்துவிடலாம் என்பது நான் கடைப்பிடிக்கும் முறை. 2019 டிசம்பரில் தொடங்கிய 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ'வில், பாராகிளைடிங் செய்யும் தென் கொரியச் செல்வந்தப் பெண்ணைச் சூறைக்காற்று தூக்கி வட கொரியாவுக்குள் போட்டுவிடுகிறது. நம்ப முடியாததுதான். ஆனால் அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டால் பிறகு கதை நேர்மையாகத் திருப்பிக் கட்டுகிறது. அடிக்கடி நின்றுபோகும் மின்சாரம், பியோங்யாங் செல்லும் ரயில் வெட்டவெளியில் இரவெல்லாம் நிற்பது, இராணுவக் குடியிருப்புப் பெண்களின் வம்பும் பரிவும் என்று அந்தக் கிராமம் உயிரோடு எழுந்து நிற்கிறது. வடக்கிலிருந்து தப்பி வந்த ஒருவர் எழுத்துக் குழுவில் இருந்ததன் பயன் அது. இங்கே காதலர்களைப் பிரிப்பது ஒரு நாட்டின் நடுவே போடப்பட்ட கோடு. யாரும் மனம் மாறி மன்னித்து அந்தக் கோட்டை அழித்துவிட முடியாது என்பதால்தான் அந்தக் காதலுக்கு அவ்வளவு கனம் கிடைக்கிறது. பிற்பகுதியில் வரும் வில்லனும் துரத்தல்களும் அந்தக் கனத்தைக் குறைத்துவிட்டன என்று நான் வருந்தினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் இத்தொடர்களை விரும்பிப் பார்க்கிறாள். நாயகன் நாயகியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் செல்வதையும், அவள் விருப்பத்தைக் கேட்காமலே முத்தமிடுவதையும் காதல் என்று காட்டுகிறார்கள். தடுப்பதா, விடுவதா?
– தாய், சேலம்

பதில்: உங்கள் கவலை முற்றிலும் நியாயமானது; அதை 'வெறும் பொழுதுபோக்கு' என்று யார் தள்ளினாலும் ஏற்காதீர்கள். மேலே நான் புகழ்ந்த 2009ஆம் ஆண்டுத் தொடரிலேயே, நாயகன் தன் கையாட்களை ஏவி நாயகியைக் கடத்திக்கொண்டு போய் உடை மாற்றி ஒப்பனை செய்ய வைக்கிறான். பள்ளி முழுவதையும் அவளுக்கு எதிராகத் தூண்டிவிடுகிறான். பின்னணியில் இனிய பாட்டு ஒலிப்பதால் அது கொடுமை அல்லாமல் போய்விடாது. விமரிசனம் எழுதுபவர் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டிய குறை அது.

ஆனாலும் தடுப்பதைவிட உடன் உட்கார்ந்து பார்ப்பதே நல்லது; அந்நாட்டுத் தொடர்களே இதைப் பற்றித் தமக்குள் வாதிட்டிருக்கின்றன. 2018 ஜனவரியில் கொரியப் பெண் அரசு வழக்கறிஞர் ஒருவர், தமக்கு மேலதிகாரி ஒருவரால் நேர்ந்த பாலியல் அத்துமீறலை ஜேடிபிசி தொலைக்காட்சியின் செய்தி நேரத்தில் வெளிப்படையாகச் சொன்னார். நாடெங்கும் பெண்கள் தங்கள் அனுபவங்களைச் சொல்லத் தொடங்கினார்கள். நான் முன்பு சொன்ன நூனாவின் தொடர் அதே தொலைக்காட்சியில் அந்த மார்ச் மாத இறுதியில் தொடங்கியது. அதில் நாயகி அலுவலக விருந்துகளில் மேலதிகாரிகளுக்கு இறைச்சி சுட்டுக் கொடுத்து, தாளம் தட்டி, அவர்களை மகிழ்விக்கப் பழக்கப்பட்டவள். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே தாளக்கருவியின் பெயர்தான். தன்னை ஒருவன் மதித்து நேசிக்கிறான் என்று உணர்ந்த பிறகு, அந்த விருந்துகளில் தனக்கு நடந்தது என்ன என்று அவள் பார்க்கத் தொடங்குகிறாள். காதல் அவள் கண்ணைத் திறக்கிறது என்பதற்காகவே இத்தொடரை நான் மதிக்கிறேன். உங்கள் மகள் இதைப் பார்க்க இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். அதுவரை, மணிக்கட்டைப் பிடிக்கும் காட்சி வரும்போது நிறுத்தி, 'உனக்கு இப்படிச் செய்தால் பிடிக்குமா' என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவளே பேசுவாள்.

கேள்வி: வோங் கார் வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' படத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அதில் எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றியது. என் ரசனையில் குறையா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: குறை ஒன்றுமில்லை. ஆனால் இன்னொரு முறை பாருங்கள், இந்த முறை சுவர்களைப் பார்த்தபடி.

கதை 1962இல் ஹாங்காங்கில் தொடங்குகிறது. அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஆளுக்கோர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடிவருகிறார்கள் இரு தம்பதியர். இவன் மனைவிக்கும் அவள் கணவனுக்கும் தொடர்பு இருப்பது ஒரு கைப்பையாலும் ஒரு கழுத்துப்பட்டையாலும் தெரியவருகிறது. தவறு செய்த அந்த இருவரின் முகங்களைப் படம் நமக்குக் காட்டுவதே இல்லை. ஏமாற்றப்பட்ட இருவர் மட்டும், 'அது எப்படித் தொடங்கியிருக்கும்' என்று நடித்துப் பார்க்கிறார்கள். நடித்துப் பார்த்ததிலேயே காதல் வந்துவிடுகிறது. 'நாம் அவர்களைப் போல் ஆகமாட்டோம்' என்பது அவர்கள் தங்களுக்கே இட்டுக்கொண்ட வேலி.

நம் ஒண்டுக்குடித்தன வீடுகளை அறிந்தவர்களுக்கு இந்தப் படம் எளிதில் திறக்கும் என்று நான் நம்புகிறேன். பொதுச் சமையலறை, வீட்டுக்காரம்மாவின் அன்பான கண்காணிப்பு, நடைவழியில் ஒருவரையொருவர் உரசாமல் கடக்க முடியாத இடுக்கு. ஒரு முறை வீட்டுக்காரர்கள் எதிர்பாராமல் திரும்பிவந்து சீட்டாட்டம் போல மாஜாங் ஆடத் தொடங்கிவிட, அவன் அறையிலிருந்து அவளால் வெளியே வர முடியாமல் போகிறது. ஆட்டம் விடிந்த பின்னும் ஓய்வதில்லை. தவறு ஏதும் செய்யாத இருவர், செய்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று ஓர் அறைக்குள் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். நாயகி வேலை பார்க்கும் அலுவலகத்திலோ, முதலாளியின் மனைவிக்கும் ஆசைநாயகிக்கும் நேரம் ஒதுக்கித் தருவதும் அவளுடைய வேலைகளில் ஒன்று. மனைவி இருக்க ஆண்கள் துணைவி வைத்துக்கொள்வதைச் சட்டமே 1971 வரை ஏற்றுக்கொண்டிருந்த ஊர் அது. அந்த ஊரில் ஒரு பெண் தன் மானத்தை இப்படி இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதன் வலி எனக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகப் படுகிறது. நாள் மாறியதை அவள் அணியும் சியோங்சாம் உடையின் பூக்கள் மட்டுமே சொல்கின்றன. கதையின் தடை வசனத்தில் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது.

கேள்வி: காதல் கனிந்ததும் நாயகிக்கோ நாயகனுக்கோ ரத்தப் புற்றுநோய் வந்துவிடுகிறது. அழவைப்பதற்காகச் செய்யும் இந்தத் தந்திரத்தைக் கண்டிக்க மாட்டீர்களா?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: தந்திரமாகச் செய்தால் கண்டிப்பேன். 2000இல் வந்த 'ஆட்டம் இன் மை ஹார்ட்' தொடரில், மருத்துவமனையில் மாறிப்போன குழந்தைகள், அண்ணன் தங்கையாக வளர்ந்தவர்களின் காதல் என்று மிகக் கடினமான தடை ஒன்றை முன்வைத்துவிட்டு, அதற்கு விடை காண்பதற்குள் நோயைக் கொண்டுவந்துவிட்டார்கள். நானும் அழுதேன்; ஆனால், கேட்ட கேள்வியை விட்டுவிட்டு ஓடிவிட்டார்களே என்ற மனத்தாங்கல் இன்னும் இருக்கிறது.

இதற்கு மாறாக, ஹர் ஜின் ஹோ இயக்கி 1998இல் வந்த 'கிறிஸ்மஸ் இன் ஆகஸ்ட்' படத்தில் நோய் முதலிலிருந்தே இருக்கிறது. சிறிய நகரத்துப் புகைப்பட நிலையம் ஒன்றை நடத்தும் இளைஞன். முறையற்று நிறுத்திய வண்டிகளைப் படமெடுத்து, அந்தப் படச்சுருளைக் கழுவக் கொண்டுவரும் பெண் ஊழியர். தன் நாள்கள் எண்ணப்பட்டவை என்று அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்த நோயின் பெயர்கூட நமக்கு முக்கியமாகப் படுவதில்லை. மருத்துவமனைப் படுக்கையில் கைகோத்து அழும் காட்சி இல்லை. படப்பிடிப்புக்காகக் குன்சான் நகரில் அமைத்த அந்தக் கடையைப் பார்க்க இன்றும் மக்கள் போகிறார்கள். குடும்பத்தோடு படமெடுத்துக்கொண்ட பாட்டி ஒருவர், தம் சாவுக்கு வைக்கும் படம் அழகாக இருக்க வேண்டும் என்று நல்ல உடை உடுத்தித் தனியாகத் திரும்பி வருகிறார். அவன் சிரிக்கச் சொல்லி எடுத்துக் கொடுக்கிறான். பிறகு ஒரு நாள் அதே நாற்காலியில் அவனே உட்கார்ந்து தன்னைப் படம் எடுத்துக்கொள்கிறான்.

தந்தைக்கு வீடியோ கருவியை இயக்கக் கற்றுக்கொடுக்கும் காட்சியையும் சொல்கிறேன். கதையின் திருப்பம் எதுவும் இதில் இல்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று எத்தனை முறை சொன்னாலும் முதியவருக்குப் பிடிபடவில்லை. மகன் பொறுமையிழந்து எழுந்து போய்விடுகிறான். பிறகு தன் அறையில் தனியே உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக என்ன செய்ய வேண்டும் என்று தந்தைக்குப் புரியும்படி பெரிய எழுத்தில் எழுதி வைக்கிறான்.